மழையில் அடுப்பு பற்றவில்லையா? வீட்டில் செய்த தீமூட்டிக் கட்டியில் கோளாறு பார்க்கும் வழி

அருமனைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே, கேரள எல்லைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. ஜூன் பிறந்தால் இங்கே மழை. அது ஓய்ந்து விறகு கொஞ்சம் வெயில் காண்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். குமரி மாவட்டத்தின் இந்தப் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வீட்டில் கேஸ் இருந்தாலும் புழுக்கலரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் குளிக்கிற வெந்நீரும் இன்னும் விறகடுப்பில்தான். ஓலை, கொதும்பு (தென்னம்பாளை), கதம்பை (தேங்காய் மட்டை) எல்லாம் நமுத்துக் கிடக்கிற காலையில் அடுப்பைப் பற்ற வைப்பது பெரிய பாடு.

அதற்காகத்தான் ஒன்பது வருஷமாக மெழுகுக் கட்டி செய்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிறேன். "பத்தல்லியே" என்று திரும்பி வரும் கட்டிகளை உடைத்துப் பார்த்தும், அந்த வீடுகளுக்கே போய் அடுப்பைப் பார்த்தும் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், அந்த வரிசையிலேயே பாருங்கள்.

நான் சொல்வது எந்தக் கட்டி என்று தெரிய வேண்டும். முட்டை அடுக்கி வரும் காகிதக்கூழ் அட்டை, 30 குழி உள்ளது. ஒவ்வொரு குழியிலும் முக்கால் வாசி மரத்தூள், அமுக்காமல். அதன் மேல் உருக்கிய மெழுகு. ஒரு அட்டைக்கு ஏறக்குறைய அரை கிலோ மெழுகு பிடிக்கும். ஆறியதும் குழி குழியாகப் பிய்த்துக்கொள்வது. நல்ல கட்டி ஒன்று பத்து நிமிஷம் நின்று எரியும். மெழுகு வேண்டாம் என்பவர்கள் தென்னம் பன்னாடையைச் சுருட்டியோ தேங்காய் நாரான தும்பை உருட்டியோ பழைய தேங்காயெண்ணெயில் நனைத்து வைப்பார்கள். அதற்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

## தீக்குச்சியைக் காட்டினால் கட்டி பற்றவே இல்லை

முதலில் தீப்பெட்டியைப் பாருங்கள். குச்சி சீறிவிட்டு அணைகிறதா, உரசும் பட்டை மெத்தென்று உரிந்து வருகிறதா? அப்படியானால் கட்டியைக் குறை சொல்ல வேண்டாம். பட்டை ஈரமானால் குச்சி எவ்வளவு காய்ந்திருந்தாலும் பிடிக்காது. தீப்பெட்டியை இறுக்கமான மூடியுள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் பழக்கம் வேண்டாம். காலையில் அங்கே காய்ந்திருக்கும், சோறு கொதிக்கும்போது அந்த ஆவியெல்லாம் அங்கேதான் போகும்.

அடுத்து, கட்டியின் ஓரம். அட்டையைக் கத்திரியால் வெட்டினீர்களா, கையால் பிய்த்தீர்களா? வெட்டிய ஓரம் மழுமழுவென்று மெழுகு பூசி நிற்கும், தீ அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கையால் பிய்த்தால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நார் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தீக்குச்சி பிடிக்க வேண்டியது அந்த நாரைத்தான். வெட்டிய கட்டிகளை வீணாக்க வேண்டாம். ஓரத்தை நகத்தால் சுரண்டி, மெழுகுக்குக் கீழே உள்ள அட்டையை நார் நாராக இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை ஊற்றும்போது இரண்டு அங்குலம் பருத்தித் திரியைச் செருகி, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள்.

பிறகு, மரத்தூளில் ஈரம். மழைக்காலத்தில் மில்லில் இருந்து வாங்கிய தூள் கையில் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்ப முடியாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தூளைப் போட்டு, மூடியை இறுக்கி, வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். உட்புறம் பனி பூத்தது போல் மங்கினால் தூள் இன்னும் ஈரம். தகரத்தில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு உச்சி வெயில் காய விட்டு, அதே பாட்டிலில் மறுபடி சோதித்துப் பாருங்கள். வாணலியில் போட்டு வறுக்கக் கூடாது. தூள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கனன்று, கொட்டி வைத்த சாக்கில் போய்ப் பற்றிக்கொள்ளும்.

ஈரத் தூளில் ஏற்கெனவே மெழுகு ஊற்றிவிட்டால் அதை இனிக் காய வைக்க வழியில்லை. மெழுகு தண்ணீரை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். அந்தக் கட்டிகள் எரியும்போது படபடவென்று வெடித்துத் தெறிக்கும். தனியாகப் பற்ற வைக்காதீர்கள். அடுப்பு நன்றாக எரிந்த பிறகு உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

கடைசியாக, மெழுகு அதிகம். கட்டியைக் கீழே போட்டால் கல் விழுந்த மாதிரி சத்தம் வருகிறதா? மேலே வெள்ளையாக, தடியாக மெழுகு உறைந்து நிற்கிறதா? திரி இல்லாத மெழுகு தானாகப் பற்றாது. உடைத்து, மறுபடி உருக்கி, இன்னும் மரத்தூள் சேர்த்து வாருங்கள். வேலை கூடுதல்தான், ஆனால் ஒரு கட்டி மெழுகு இரண்டு கட்டிக்கு ஆகும்.

இதில் கல்லறைத் திருநாள் மெழுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 2 கழிந்ததும் எங்கள் பக்கத்தில் கல்லறைத் தோட்டங்களில் மெழுகு கட்டி கட்டியாக உறைந்து கிடக்கும். கேட்டு வாங்கிக்கொண்டால் ஒரு வருஷத்துக்குக் காணும். ஆனால் அதில் மணலும் பூவும் மழைத் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். உருக்கியதும் உடனே ஊற்றாமல் அசைக்காமல் வைத்தால் மணல் அடியில் தங்கும், தண்ணீரும் மெழுகைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கும். தெளிந்ததை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுக்க வேண்டும். அடியில் நிற்பதை அப்படியே உறைய விட்டால், மெழுகு வட்டமாகக் கழன்று வரும், அதன் அடிப்பக்கத்து மணலைக் கத்தியால் சீவி எறிந்துவிடலாம். திரியின் அடியில் இருக்கும் சின்னத் தகர வட்டுகளையும் அப்போதே பொறுக்கிவிடுங்கள்.

## பற்றுகிறது, ஆனால் ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது

வைத்த இடம் சரியா? நேற்றைய சாம்பல் அடுப்பில் அப்படியே இருந்தால் அது இரவெல்லாம் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். கையால் தொட்டால் குளிர்ச்சியாக, ஒட்டுகிற மாதிரி இருக்கும். அதை வாரிவிட்டு, ஒரு உடைந்த ஓட்டுத் துண்டையோ சிரட்டையையோ கவிழ்த்து வைத்து அதன் மேல் கட்டியை வையுங்கள். கீழே இருந்து காற்று கிடைத்தாலே பாதிக் கட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

காற்று நேரே அடிக்கிறதா? பின்வாசல் திறந்திருந்தால் ஒரு ஐந்து நிமிஷம் சாத்தி வையுங்கள். அடுப்பு வாயை முழுக்க அடைக்கவும் கூடாது.

உடைத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் தூள் முழுக்க ஒரே மாதிரி கருத்த பழுப்பாக இருந்தால் மெழுகு நன்றாக ஊறியிருக்கிறது. ஓரம் மட்டும் கருத்து, நடுவில் வெளிறிய உலர்ந்த பொடி உதிர்ந்தால் மெழுகு உள்ளே இறங்கவில்லை. ஆறத் தொடங்கிய மெழுகை ஊற்றியதாலும் இப்படி ஆகும், தூளைக் குழியில் அமுக்கித் திணித்ததாலும் ஆகும். நான் இப்போது மேலிருந்து ஊற்றுவதையே விட்டுவிட்டேன். உருகிய மெழுகில் தூளைக் கொட்டிக் கிளறி, உப்புமா பதத்தில் கரண்டியால் அள்ளி வைக்கிறேன். ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டரைப் பங்கு தூள், அளவு டம்ளரில்.

தூள் மிக நைசாக இருக்கிறதா? சாண்ட்பேப்பர் போட்ட மரத்தில் இருந்து வரும் மாவு போன்ற தூள் கட்டிக்கு உதவாது, இறுகிவிடும். ரம்பம் மரத்தைக் கடிக்கும்போது உதிரும் கரகரப்பான தூள்தான் வேண்டும். இழைப்புச் சுருள் கொஞ்சம் கலந்தால் இன்னும் நல்லது.

## கட்டி நன்றாக எரிகிறது, விறகுதான் பற்றவில்லை

என்னிடம் வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு ஆடி மாதக் காலையில் பக்கத்து வீட்டு மாமி வந்தார்.

"மக்களே, நீ தந்த கட்டி நின்னு எரியுது. வெறகுதான் அசைய மாட்டேங்குது."

"எப்ப வெட்டின வெறகு மாமி?"

"போன மாசம் நம்ம ரப்பர் முறிச்சோம் இல்லியா, அதுதான்."

போய்ப் பார்த்தேன். கட்டி எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் கிடந்த கொள்ளியின் வெட்டு முகத்தில் நுரை நுரையாகத் தண்ணீர் பொங்கி, உஸ் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கட்டி கொடுத்த சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சரியாகப் போனது.

ரப்பர் மரத்தை 25, 30 வருஷத்தில் முறித்து மறுநடவு செய்வார்கள். அப்போது விறகு மலிவாகக் கிடைக்கும். ஆனால் புதிதாக வெட்டிய ரப்பர் விறகில் தண்ணீர் அதிகம், மழையில் குவித்துப் போட்டால் சில நாளிலேயே கரும்பூஞ்சை பிடிக்கும். பிளந்து, கூரைக்குக் கீழே, தரையில் படாமல், இடைவெளி விட்டு அடுக்கி ஆறு மாதமாவது போக வேண்டும்.

விறகைச் சோதிக்க நாலு வழி உண்டு. எல்லாம் கைப்பாடுதான்.

இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீர் என்று ஒலிக்கும். ஈரமானது மொத்தென்று சொல்லும். வெட்டு முகத்தைப் பாருங்கள், நடுவில் இருந்து வெளியே கீறல் ஓடியிருந்தால் காய்ந்து வருகிறது. தோலை நகத்தால் நெம்புங்கள், எளிதாகக் கழன்றால் நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை மீன் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே கரியால் எழுதி, எரிகிற அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வாரம் வையுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கட்டை எரிக்கத் தயாரில்லை என்று அர்த்தம்.

விறகு காய்ந்துதான் இருக்கிறது என்றால் அடுக்கைப் பாருங்கள். கட்டியின் மேல் நேரே மணிக்கட்டுத் தடிக் கொள்ளியை வைத்தால் பத்து நிமிஷத்தில் அது சூடாகும், பற்றாது. கட்டிக்கு மேலே முதலில் ஈர்க்கில் ஒரு பிடி அல்லது கொதும்புக் கீற்று. அதற்கு மேல் விரல் தடிக் குச்சி ஏழெட்டு, குறுக்கும் நெடுக்குமாக. அது பிடித்து எரிந்த பிறகுதான் பெரிய கொள்ளி, அதுவும் பிளந்த பக்கம் தீயைப் பார்த்து இருக்க வேண்டும். தோல் பக்கம் கீழே இருந்தால் தீ அதை ஏறிக் கடக்க நேரமாகும். குச்சிகளுக்கு நடுவே உங்கள் சுண்டுவிரல் போகிற அளவு இடைவெளி இருக்கட்டும்.

வேறு வழியே இல்லை, விறகு எல்லாம் ஈரம் என்றால் சிரட்டையை நம்புங்கள். முற்றின தேங்காயின் சிரட்டை மழைக்காலத்திலும் அவ்வளவாக ஈரம் ஏறாது. நாலு சிரட்டையை உடைத்து, குழிப் பக்கம் கீழே வரும்படி கட்டியின் மேல் சாய்த்து வைத்தால் நல்ல கனல் விழும். அந்தக் கனலின் ஓரத்தில் ஈர விறகைக் காய வைத்துக் காய வைத்து உள்ளே தள்ளலாம். நாளைக்கு வேண்டிய விறகை இன்றைக்கே அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டால் மறுநாள் இந்தப் பாடு இல்லை.

இந்த இடத்தில்தான் கை மண்ணெண்ணெய்க்குப் போகும். போகக் கூடாது. எங்கள் அம்மாவின் வலது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இருப்பது அப்படி ஆனதுதான். அடுப்பு அணைந்துவிட்டது, புகைதான் வருகிறது என்று நினைத்து டப்பாவைச் சாய்த்தார். உள்ளே கனல் இருந்தது. சூடான அடுப்பில் விழுந்த எண்ணெய் ஆவியாகி எழும்பி, அந்த ஆவி பற்றி, தீ டப்பாவைத் தேடி மேலே வந்தது. பெட்ரோல் என்றால் டப்பாவைத் திறந்த உடனேயே அது நடக்கும். தீ பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு இன்னொரு கட்டி வைத்து முதலில் இருந்து தொடங்குங்கள். நான் கட்டி செய்யத் தொடங்கியதற்கும், காசு வாங்காமல் கொடுப்பதற்கும் அந்தக் கைதான் காரணம்.

### இதே கோளாறு ரப்பர் ஷீட் புகைப்புரையில் என்றால்

புகைப்புரை என்றால் ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைக்கும் அறை. சோதனை எல்லாம் ஒன்றுதான், ஆனால் இரண்டு விஷயம் கூடுதல். ஷீட் தொங்கும் அறைக்குள்ளேயே தீ மூட்டும் பழைய புகைப்புரையில் மெழுகுக் கட்டி வைக்காதீர்கள். அது எழுப்பும் தழல் அந்த வேலைக்கு உயரம் அதிகம், கீழ்வரிசை ஷீட்டில் நாக்கு நீட்டும். காய்ந்த தும்பும் சிரட்டைத் துண்டும் போதும். அடுப்பு வெளியே இருந்து, புகை குழாய் வழியாக உள்ளே போகும் புரையில் ஒரு கட்டி வைக்கலாம்.

உள்ளே சூடு 40 முதல் 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் வரும். சுவரில் ஒரு வெப்பமானி தொங்க விடுங்கள். புகைக் குழாயில் வெடிப்பு தெரிந்தாலோ, தீப்பொறி உள்ளே பறப்பதைப் பார்த்தாலோ அன்றைக்கே தீயை நிறுத்திவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். குழாய் சரியாகும் வரை ஷீட்டை வெயிலில் காயப் போட்டாலும் பரவாயில்லை.

## அடுக்களை முழுக்கப் புகை

எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விறகு வைக்காமல் கட்டியை மட்டும் வாசலில் எரியுங்கள். மெல்லிய புகைதான் என்றால் கட்டி சரி, விறகையோ புகைக்கூண்டையோ பாருங்கள். விறகுக்கு மேலே சொன்ன சோதனைகள் போதும்.

புகைக்கூண்டுக்கு ஒரு ஊதுவத்தி போதும். தீ இல்லாத அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் வழி திறந்திருக்கிறது. அப்படியே நின்றாலோ முகத்துக்குத் திரும்பினாலோ, குளிர்ந்து கிடக்கும் கூண்டில் காற்று கீழே இறங்குகிறது. பழைய செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திக் கூண்டு வாய்க்கு நேரே ஒரு நிமிஷம் பிடியுங்கள். கூண்டு சூடானால் இழுக்கத் தொடங்கும். அதற்கப்புறம் கட்டியைப் பற்ற வையுங்கள்.

அப்படியும் இழுக்கவில்லை என்றால் அடைப்பு. தீ அணைந்து ஆறிய பிறகு மேலே பாருங்கள். ஒட்டடையும் கரியும் அடைத்திருக்கும், சில நேரம் பறவைக் கூடு இருக்கும். நீளக் கம்பில் தென்னை விளக்குமாற்றைக் கட்டிக் கீழிருந்தே துடைக்க முடிந்தால் துடையுங்கள். மழையில் ஓட்டின் மேல் ஏறாதீர்கள். கூண்டுச் சுவரில் வெடிப்பு, வெளிப்பக்கம் கரிக் கறை, கூரைக் கம்பில் கைவைக்க முடியாத சூடு, இதில் எது தெரிந்தாலும் கொத்தனார் வந்து பார்க்கும் வரை அந்த அடுப்பில் தீ மூட்டக் கூடாது.

புகையோடு தலைவலி, வாந்தி வருகிற மாதிரி, மயக்கம் என்று வீட்டில் யாராவது சொன்னால் அடுப்பை அப்புறம் பார்க்கலாம், எல்லோரும் வெளியே வாருங்கள். தெளியவில்லை என்றால் 108. மழைக்குளிருக்குக் கனல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கனலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

## கரும்புகை, நாற்றம், கண் எரிச்சல்

இது கட்டியில் என்ன போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒட்டுப்பால். எங்கள் பக்கத்து வழக்கம் இது. சிரட்டையில் உறைந்த ரப்பர் துண்டு ஒன்றைப் பற்ற வைத்தால் மழையிலும் எரியும், உண்மைதான். ஆனால் புகையைப் பாருங்கள், கரித்திரி திரியாகச் சோற்றுப் பானையில் படிகிறது. உருகிச் சொட்டுகிற துளியும் எரிந்துகொண்டே விழும், தோலில் ஒட்டினால் எடுக்க முடியாது. சமைக்கிற அடுப்புக்கு வேண்டாம். டயர் துண்டு அதைவிட மோசம்.

முந்திரித் தோடு. எங்கள் மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் நிறைய, தோடு சுலபமாகக் கிடைக்கும், எண்ணெய்ப் பசையோடு நன்றாக எரியவும் செய்யும். அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். கட்டிக்குள் கலக்கவே கூடாது.

துணி. பழைய துணியைத் திரியாகப் போட்டீர்கள் என்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு, நுனியில் கெட்டியான மணி உருண்டால் பாலியெஸ்டர், அது வேண்டாம்.

காகிதம், பை. வழவழப்பான காலண்டர் தாளும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கப்பும், பால் கவரும் சேர்த்தால் நாற்றம் வரும். முட்டை அட்டையிலும் பிளாஸ்டிக்கில் செய்தது உண்டு, காகிதக்கூழ் அட்டைதானா என்று தடவிப் பாருங்கள்.

மரத்தூள் எங்கிருந்து வந்தது? நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. பிளைவுட், பெயின்ட் அல்லது வார்னிஷ் அடித்த பழைய மரம் அறுத்த தூளை எரித்தால் பசையும் ரசாயனமும்தான் புகையாக வரும். நாற்காலி, மேஜை செய்யும் ரப்பர் மரத்துக்கும் பூச்சி பிடிக்காமல் போராக்ஸ் மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் அறுத்த பச்சை மரத்தின் தூள்தானா என்று மில்லில் கேட்டே வாங்குங்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் கண் எரிச்சல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் அந்த அரை மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

## வைத்திருந்த கட்டி உதிர்கிறது, ஒட்டுகிறது, எறும்பு வருகிறது

உதிர்ந்தால் மெழுகு குறைவு. உதிர்ந்ததை வாரி, அடுத்த உருக்கலில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டி, கையில் பிசுபிசுத்தால் அதில் தேங்காயெண்ணெய் கலந்திருக்கிறீர்கள். அது 24 டிகிரி சூட்டிலேயே இளகும், நம் ஊரில் உறைந்து நிற்கிற நாள் குறைவு. எண்ணெய் நனைத்த தும்பு உருண்டைகளை நிறையச் செய்து சேமிக்க வேண்டாம், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். சிக்கு வாடை வந்துவிட்டால் எலியும் எறும்பும் தேடி வரும். மூடியுள்ள தகர டப்பாதான் சரி.

கற்பூரம் சேர்த்து வைத்தது சின்னதாகிப்போனால் யாரும் எடுக்கவில்லை, அது காற்றில் கரைந்துவிட்டது. பற்ற வைக்கும் நேரத்தில் மட்டும் ஒரு வில்லை வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. கற்பூரத்தை வாயில் போட்டுவிட்டால் கொஞ்சம் என்றாலும் வலிப்பு வரக்கூடும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தச்சு வேலை நடந்த இடத்தில் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி கிடந்தால், எண்ணெய் ஊறியதுதானே என்று எடுத்து வராதீர்கள். குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

## மெழுகு உருக்கும்போது கோளாறு

சடசடவென்று தெறிக்கிறது: மெழுகில் தண்ணீர். அடுப்பை அணைத்து, ஒதுங்கி நின்று, அடங்கிய பிறகு தெளிய விடுங்கள்.

புகை எழும்புகிறது: மெழுகு உருக 60, 65 டிகிரி போதும். புகை வந்தால் அதைவிட எவ்வளவோ மேலே போய்விட்டது, அடுத்தது தீதான். உடனே அணையுங்கள். பாத்திரத்தை நேரே தீயில் வைத்ததால் வரும் வினை இது. ஒரு சருவத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சருவத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள். குழந்தை அழுதால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

மெழுகே பற்றிக்கொண்டது: தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் கொதிக்கிற மெழுகுக்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகைக் கூரை வரைக்கும் வீசும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை விடப் பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டாம். மூடியை முழுக்க ஆறும் வரை திறக்காதீர்கள், ஆவலில் திறந்தால் மறுபடி பற்றும். நான் உருக்க உட்காரும்போது மூடியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுவேன். மூடியில் அடங்கவில்லை, தீ கூரைக்கோ கேஸ் குழாய்க்கோ போகிறது என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101.

மெழுகு கையில் கொட்டிவிட்டது: உரிக்காதீர்கள், தோலோடு வரும். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் முழுசாகப் பிடியுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிய இடம், முகம், விரல் மூட்டு, குழந்தை என்றால் ஈரமான சுத்தத் துணியை மேலே போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மிச்ச மெழுகை அங்கே எடுத்துவிடுவார்கள்.